புதுத் தொட்டியின் தண்ணீர்

ஜூன் 2, ஞாயிறு

மாதா கோவிலில் காலைப் பூசை முடிந்து திரும்பும்போது தம்பி அமலன் மீன் தொட்டிக் கடை வாசலில் நின்றுவிட்டான். முப்பத்து மூன்று வயது ஆளை நடுத்தெருவில் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? நானும் நின்றேன். கண்ணாடிக்குள் ஒரு பெரிய கறுப்பு மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. இவனும் அதே மாதிரி செய்தான். கடைக்காரர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. எனக்கு வித்தியாசம் தெரியும். தம்பி பிறந்தபோது எனக்கு ஒன்பது வயது. டாக்டர் அம்மாவிடம் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். அன்றிலிருந்து அவனைப் பார்க்கிறவர்களின் முகத்தை எல்லாம் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும், சின்னதாக ஒரு தொட்டி வாங்கலாமா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போய் டி.வி. மேசையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டான்.

அம்மா பிப்ரவரியில் இறந்ததிலிருந்து பகலில் அவன் தனியாள். நான் கல்லூரி அலுவலகத்திலிருந்து வர மாலை ஆறாகிவிடும். மதியம் கீழ்வீட்டு எமில்டா டீச்சர் மேலே வந்து அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் எழுபது தாண்டிவிட்டது.

அவனுக்குப் பொழுது போவதற்காகத்தான் தொட்டி.

ஜூன் 5, புதன்

அட்மிஷன் கூட்டம் தாங்கவில்லை. சாப்பாட்டு வேளையில் போனில் மீன் வளர்ப்பு வீடியோக்கள் பார்த்தேன். புதிதாக வளர்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கோல்டு ஃபிஷ் வாங்கித்தான் ஏமாறுகிறார்களாம். கடையில் விரல் நீளம் இருப்பது ஒரு சாண் வளரும், தண்ணீரையும் சீக்கிரம் அழுக்காக்கும், சின்னத் தொட்டிக்கு ஆகாது. நீல டெட்ரா பார்க்க அழகு, ஆனால் நோஞ்சான். ஃபைட்டர் வாங்கினால் அது ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அடுத்த மீனின் வாலைக் கடித்துவிடும். கப்பி, மோலி, ஜீப்ரா மூன்றும் பழகாத கைக்குத் தாங்குமாம்.

பெனடிக்ட் போன் செய்தார். கடலூரில் கணக்கு வாத்தியார், மனைவி இறந்து ஐந்து வருடமாகிறது. எங்களுக்குக் கல்யாணம் பேசி முடித்தது அம்மா இருக்கும்போதே. ஆகஸ்டு கடைசியில் கோவிலில் தேதி கேட்கட்டுமா என்றார். கேளுங்கள் என்றேன்.

“அமலன் என்ன சொல்றார்?”

“சரின்னுட்டான்” என்றேன்.

ஜூன் 8, சனி

தொட்டி வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் பெயர் ரியாஸ். அமலன் நேராக அந்தக் கறுப்பு மீனிடம் போனான். அது ஆஸ்கார், நாய்க்குட்டி அளவு வளரும், மற்ற மீன்களை விழுங்கிவிடும் என்று ரியாஸ் சொன்னார். அமலன் அதனிடம் கையசைத்து விடை பெற்றுக்கொண்டான். அடுத்து கோல்டு ஃபிஷ். நான் வேண்டாம் என்றதும் முகம் வாடியது. கடைசியில் கப்பிகள். வால் விசிறி மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஐந்தைப் பொறுக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டான்.

தொட்டி வைத்து எத்தனை நாளில் மீன் விடலாம் என்று கேட்டேன். ரியாஸ் ஏதோ சொன்னார். திங்கட்கிழமை வந்து மீனை எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஜூன் 10, திங்கள்

மீன் விட்டாயிற்று. கூழாங்கல்லை அமலன் மூன்று தடவை கழுவினான். ஃபில்டரின் சத்தம் அம்மாவின் குறட்டை மாதிரி இருக்கிறது என்றான். இருக்கத்தான் செய்கிறது.

தீனியை எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தேன். இரண்டு விரலால் ஒரு சிட்டிகை, காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். என்னை நம்பாமல் தன் விரலைத் தானே உற்றுப் பார்த்துக்கொண்டான்.

ஜூன் 12, புதன்

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பசி என்கிறான் அமலன்.

ஜூன் 14, வெள்ளி

காலையில் இரண்டு மிதந்தன. மாலையில் நான் வந்தபோது மீதி மூன்றும். ஏன் என்று தெரியவில்லை.

அமலன் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். மதியம் சாப்பிடவில்லையாம். “நான் நிறைய போட்டேனா அக்கா?” என்று கேட்டான். எனக்கு இன்று முழுக்க ஆட்களோடு கத்திக் கத்தித் தலைவலி. தீனி டப்பாவைத் திறந்து பார்த்தேன். குறைந்துதான் இருந்தது.

“கொஞ்சம் கூடப் போட்டுட்ட போல” என்றேன்.

சரி என்று தலையாட்டினான். எழுந்து போய்க் கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

ஜூன் 15, சனி

மாடியில் செம்பருத்திச் சாடியில் புதைத்தோம். சிலுவை போட்டுக்கொண்டான். வேறு மீன் வாங்கலாம் என்றேன். வேண்டாமாம்.

ஜூன் 16, ஞாயிறு

ஆபீஸில் ஒருவர் வீட்டு விசேஷம் என்று அமலனிடம் சொல்லிவிட்டு மணப்பாறைப் பக்கம் போய் வந்தேன்.

அமலனைச் சேர்க்கப்போகிற இல்லம் சுத்தமாக இருக்கிறது. ஒரு அறைக்கு மூன்று கட்டில், சன்னலுக்கு வெளியே வேப்பமரம். முன்பு பேசியபடி முப்பதாம் தேதி அவனைக் கூட்டி வரலாம் என்றார் இல்லத்தை நடத்தும் சிஸ்டர் பவுலின். போன மாதமே ஒன்று சொல்லியிருந்தார்: தனக்கென்று ஒரு பொறுப்பு இருக்கிறவர்கள் இங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறார்கள், ஏதாவது பிரியமாகப் பார்த்துக்கொள்கிற பொருள் இருந்தால் அதையும் கொண்டு வரட்டும். மீன் பழகிவிட்டதா என்று கேட்டார். பழகிக்கொண்டிருக்கிறான் என்றேன்.

“அவர்கிட்ட சொல்லிட்டீங்கதானே, ஜெசிந்தா?”

“சொல்லிக்கிட்டே இருக்கேன் சிஸ்டர்.”

வேறு என்ன செய்ய? பெனடிக்ட்டும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்?

ஜூன் 19, புதன்

எமில்டா டீச்சர் படியிலேயே என்னை நிறுத்தினார்கள். மூன்று நாளாக அமலன் அவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கொடுப்பதில்லையாம். எப்போதும் அவன்தான் தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றி, அப்பளம் உடைத்துப் போடுவான். இன்று டீச்சர் வற்புறுத்திக் கேட்டிருக்கிறார்கள். அவன் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “நான் குடுத்தா செத்துருவீங்க” என்றானாம்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லி மேலே வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

அரை நாள் லீவு. இன்றைக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும்.

அமலன் பாயில் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, டீச்சரிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். சுவரைப் பார்த்தபடி சொன்னான்:

“அம்மாவுக்கும் நான்தான் கஞ்சி குடுத்தேன்.”

அம்மா போன அன்று நான் ஆபீஸில் இருந்தேன். நெஞ்சு கரிக்கிறது என்று அம்மா கொஞ்சம் கஞ்சி கேட்டிருக்கிறாள். இவன் அடுப்பு மேடையில் இருந்ததை ஊற்றிக் கொடுத்திருக்கிறான். டம்ளரைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான். நான் வரும்போது அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதமும் அவனுக்கு அந்த எண்ணம் இல்லை. ஐந்து மீனையும் அவன் தலையில் போட்ட பிறகு இரண்டையும் சேர்த்துக்கொண்டான். அவனுக்கு யோசிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

“அம்மாவுக்கு இதயம் நின்னுபோச்சு. கஞ்சி இல்ல.”

“மீனு?”

அந்த ரியாஸ் அன்றைக்கு என்ன சொன்னார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புதுத் தொட்டியில் ஃபில்டரைப் போட்டு ஒரு மாதமாவது தண்ணீரை ஓட விட வேண்டும், மீனின் கழிவைத் தின்று சுத்தம் செய்கிற கிருமிகள் அப்போதுதான் வளரும், அதற்கு முன்னால் மீன் விட்டால் அந்தக் கழிவே அதற்கு விஷம் என்றார். வீடியோவிலும் அதையே சொன்னார்கள். ஒரு மாதம் என்றால் ஜூலை வந்துவிடும். எனக்கு ஜூன் முப்பதுக்குள் அவனும் மீனும் பழக வேண்டியிருந்தது. அன்று தீனி டப்பாவைத் திறந்து பார்த்தபோதும் எனக்குத் தெரியும்.

“தண்ணிதான் சரியில்ல, அமலா. கொஞ்ச நாள் விடணும்னு எனக்குத் தெரியும். நான்தான் அவசரப்பட்டேன்.”

எழுந்து உட்கார்ந்தான்.

“நான் கூடப் போட்டேன்னு சொன்ன.”

“ஆமா. பொய் சொன்னேன்.”

“ஏன் அவசரம்?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்த பிறகு அது வெளியே வரவில்லை. கல்யாணம், கடலூர், மணப்பாறை, கட்டில், வேப்பமரம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அழுகைச் சத்தம் வரவில்லை. தண்ணீர் சத்தமும் இல்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

ஜூன் 21, வெள்ளி

சிஸ்டருக்குப் போன் செய்து முப்பதாம் தேதி வேண்டாம் என்றேன். பெனடிக்ட்டிடமும் சொன்னேன், தேதியைத் தள்ளி வைக்க வேண்டும், அமலனிடம் நான் சொல்லவே இல்லை என்று.

“சம்மதிச்சுட்டார்னு என்கிட்ட சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

பிறகு, அஞ்சு வருஷமா நானே சமைச்சுச் சாப்பிடறேன், இன்னும் கொஞ்ச நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது என்றார். நல்ல மனிதர். அதனால்தான் அவரிடம் பேசிவிட்டுப் போனை வைத்தால் என்னால் உட்கார முடிவதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

அமலன் பேசவில்லை. எமில்டா டீச்சரோடு மட்டும் பேசுகிறான். அவர்களுக்குத் தட்டு எடுத்து வைக்கிறானாம். எனக்கு வைப்பதில்லை.

ஜூன் 28, வெள்ளி

இன்றும் இல்லை.

ஜூலை 1, திங்கள்

பேசினான். “உப்பு” என்றான். எடுத்துக் கொடுத்தேன்.

காலியான தொட்டியில் ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தப் போனேன், கையைத் தட்டிவிட்டான். டீச்சரிடம் விவரம் கேட்டு, டீச்சர் தன் பேத்தியிடம் கேட்டு, மீன் இல்லாவிட்டாலும் தினமும் துளி தீனி போட்டு வந்தால் கிருமி வளரும் என்று தெரிந்து வைத்திருக்கிறான். என்னிடம் கேட்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பெனடிக்ட் வந்திருந்தார். கடலூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பிலும் சட்டை கசங்காமல் இருந்தது. நான் காபி போடும்போது அவரும் அமலனும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மீன் இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காபியை வைத்தேன். அமலன் நேராக அவரிடம் கேட்டான்:

“மாமா, உங்க வீட்ல எனக்கு இடம் இல்லியா?”

பெனடிக்ட் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அவன் பக்கம் திரும்பி, “சின்ன வீடு தம்பி” என்றார்.

அமலன் சரி என்று தலையாட்டினான். மீன்கள் செத்த அன்று என்னிடம் ஆட்டின மாதிரியே.

பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, “இனிமே என்னை இப்படிச் சொல்ல வைக்காதீங்க” என்றார்.

ஜூலை 8, திங்கள்

கடலூர் வீட்டில் கீழே மூன்று அறை, மாடியில் ஒன்று. நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சு தொடங்கின அன்றே பெனடிக்ட் சொன்னார், தம்பியும் நம்மோடு இருக்கட்டும், மாடி அறை காற்றோட்டமாக இருக்கும் என்று. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா போன பிறகு, வேண்டாம் என்று சொன்னது நான். அவனுக்குப் புது ஊர் ஒத்துக்காது, படி ஏறி இறங்க முடியாது, இல்லத்தில் அவனைப் போன்றவர்களோடு இருந்தால் நல்லது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் நம்பினார்.

இங்கேயும் அவன் மாடிப்படி ஏறித்தான் இறங்குகிறான்.

ஜூலை 14, ஞாயிறு

அமலன்தான் கேட்டான், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று. கூட்டிப் போனேன். சிஸ்டர் பவுலினிடம் காலையில் என்ன சாப்பாடு, லைட்டை யார் அணைப்பார்கள், பூசைக்கு எங்கே போவார்கள் என்று வரிசையாகக் கேட்டான். என்னை வைத்துக்கொண்டு அவரிடம், “அக்கா சொன்னா உண்மையான்னு கேட்டுக்கணும்” என்றான். சிஸ்டர் சிரிக்கவில்லை, நானும்.

அவன் வயதில் சேவியர் என்று ஒருவர் அங்கே கேரம் ஆடிக்கொண்டிருந்தார். சிவப்புக் காயைக் கையாலேயே எடுத்துக் குழியில் போட்டார். அமலனுக்கு அது பொறுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

பஸ்ஸில் வரும்போது, “ஒரு வாரம் இருக்கேன். பிடிக்கலன்னா வந்துருவேன்” என்றான்.

“வா.”

“பொய் இல்லியே?”

“இல்ல.”

மீன் விட்டுவிட்டுத்தான் போவானாம்.

ஜூலை 27, சனி

தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு ரியாஸ் கடைக்குப் போனோம். அவர் ஒரு காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்தார். இப்போது விடலாம், ஆனால் இரண்டு மட்டும், அவை பிழைத்து நின்றால் அடுத்த மாதம் இன்னும் இரண்டு என்றார்.

அமலனே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். கப்பித் தொட்டியைப் பார்க்காமல் கடந்து போனான். மோலிகளிடம் நின்றான். ஆரஞ்சு, வெள்ளை, புள்ளி போட்டவை எல்லாம் இருக்க, சாம்பல் நிறத்தில் குண்டாக இரண்டைக் காட்டினான்.

“இது சாகாதுல்ல?” என்று கேட்டான்.

“எல்லாம் ஒரு நாள் போயிரும்ணே. இது கொஞ்சம் தாங்கும்” என்றார் ரியாஸ்.

அந்தப் பதில் அவனுக்குப் பிடித்திருந்தது. கவரை நெஞ்சோடு அணைத்து வந்தான். பை அப்படியே அரை மணி தொட்டியில் மிதக்க வேண்டும் என்றார் ரியாஸ். இவன் ஒன்றரை மணி நேரம் விட்டான்.

ஆகஸ்டு 3, சனி

இரண்டும் நன்றாக இருக்கின்றன. எழுதும்போதே எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்டு 10, சனி

நாளை போகிறான். பையில் துணி மடித்து வைத்தோம். அவன் என்னைவிட நன்றாக மடிக்கிறான். தொட்டியை வேனில் எடுத்துப் போகலாம், சிஸ்டர் இடம் ஒதுக்கிவிட்டார் என்றேன். அமலன் ஒத்துக்கொள்ளவில்லை.

“தண்ணி ஆடும். பயந்துரும். இங்கயே இருக்கட்டும்.”

பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு விரல், ஒரு சிட்டிகை. “காலைல நீ போடு. சாயங்காலம் நான் வந்து…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். டப்பா மூடியைத் திருகித் திருகி இறுக்கினான்.

“சாயங்காலமும் நீயே போடு” என்றான்.

போகாதே என்று சொல்ல அப்போது எனக்கு நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் நின்றிருப்பான். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

ஆகஸ்டு 11, ஞாயிறு

விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்டு 13, செவ்வாய்

காலையில் போட்டேன். சாயங்காலமும் போட்டேன்.

எமில்டா டீச்சர் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் குழம்பு கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆகஸ்டு 18, ஞாயிறு

ஒரு வாரம் முடிந்தது. போகும் வழியெல்லாம், வந்துவிடுகிறேன் என்று அமலன் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தேன். வரச் சொல்லித்தான் ஆக வேண்டும். வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

கேட்டுக்கு வந்து காத்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது. கட்டிலைக் காட்டினான், தலையணை உறையில் அவன் பெயர் தைத்திருந்தது. சேவியருக்குக் கேரம் சொல்லித் தருகிறானாம், இன்னும் காயைக் கையால்தான் எடுக்கிறாராம். மீன்கள் பற்றிக் கேட்டான். இரண்டும் தின்கின்றன, பெரியது சின்னதைத் துரத்துகிறது என்றேன். “அது விளையாட்டு” என்றான்.

வேப்பமரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். கொண்டுபோன முறுக்கை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டை எனக்குக் கொடுத்தான்.

“மாமா பெரிய வீடு கட்டினா நான் வரலாமா?” என்று கேட்டான்.

முறுக்கு கையிலேயே இருந்தது. பெனடிக்ட்டின் முகம் நினைவுக்கு வந்தது. அந்த மனிதர் எனக்காகச் சொன்ன ஒரே பொய்யை அவர் தலையிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.

“வீடு இப்பவே பெரிசுதான் அமலா. மாமா உன்னை வரச் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன்.”

எறும்பு ஒன்று முறுக்குத் துகளை இழுத்துப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து உள்ளே போய்விடுவான், கதவைச் சாத்திக்கொள்வான் என்று நினைத்தேன்.

“நான் என்ன செஞ்சேன்?”

“நீ ஒண்ணும் செய்யல.”

“அப்புறம் ஏன்?”

எத்தனையோ காரணம் சொல்லிப் பழகியிருக்கிறேன். சிஸ்டரிடம் ஒன்று, பெனடிக்ட்டிடம் ஒன்று, இந்த நோட்டில் ஒன்று. அவனிடம் சொல்ல ஒன்றுதான் இருந்தது.

“களைச்சுப்போச்சுடா எனக்கு.”

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். கடைக்காரர்கள் முகத்தையும் கண்டக்டர்கள் முகத்தையும் அவனுக்காக நான் பார்த்துவந்த மாதிரி பார்த்தான்.

“அப்ப வீட்டுக்குப் போய்த் தூங்கு” என்றான்.

கோபமா, அன்பா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தான். அடுத்த ஞாயிறு வருவாயா என்று கேட்டான். வருவேன் என்றேன். பொய் இல்லையே என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்காததை எப்படி எடுத்துக்கொள்வது என்றும் புரியவில்லை. படியேறிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு திரும்ப, திருச்சி பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது. அழுகை வரும் என்று கர்ச்சீப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். வரவில்லை. டிக்கெட் வாங்கியது நினைவிருக்கிறது. அடுத்து, கண்டக்டர் கம்பியைத் தட்டி, “இறங்குங்கம்மா, திருச்சி வந்து எவ்வளவு நேரமாச்சு” என்று எழுப்பினார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.